கூரையில் இருக்கும் சலுகை

எனது சாச்சியின் மகன் ஒரு சிறிய வீட்டு வேன் வைத்திருக்கிறார். பழைய 'டொல்பின்' வேன். உள்ளே இருவர் படுக்கக்கூடிய கட்டில், காஸ் அடுப்பு, கை கழுவ ஒரு சிறு தொட்டி; கூரையில் ஒரு ஏ.சி. அந்த ஏ.சி.யை வைத்திருப்பதா, கழற்றிவிடுவதா என்று அவர் என்னிடம் கேட்டார். "இது மார்க்கப் பிரச்சினையா காக்கா, இல்லாட்டிக் காசுப் பிரச்சினையா?" என்பதுதான் அவர் கேட்ட விதம். இரண்டும்தான் என்று அப்போதைக்குச் சொல்லிவைத்தேன். பின்னர் பல நாட்கள் அக்கேள்வியை மனதில் போட்டுப் புரட்டியபோது, ஒரு வேனின் கூரைக்குள் அடங்காத விடயம் அதில் இருப்பதாகப் பட்டது. நம்மில் பலருடைய வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் இதே கேள்வி வேறு உருவில் இருக்கிறது. ஒரு தேவைக்காக வாங்கிய பொருள், அந்தத் தேவை தீர்ந்த பின்பும் நம்மோடு தங்கிவிடும்போது அதற்கு என்ன நியாயம் மிஞ்சுகிறது என்பதே அது.

வேனின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். தம்பி 2020இல் வேலையிழந்து கட்டாரிலிருந்து திரும்பியவர். கையிலிருந்த காசில் வேனை வாங்கி, தச்சரையும் வெல்டிங்காரரையும் பிடித்து அதை வீடாக்கினார். கோமாரியிலிருந்து பொத்துவில், அறுகம்பை வரைக்குமான கரையில் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு விளையாடவென்று வெளிநாட்டார் வருவார்கள். அவர்களுக்கு நாள் வாடகைக்குக் கொடுப்பது அவரது திட்டம். அப்போது வேனில் ஏ.சி. இருக்கவில்லை. கூரையில் காற்றுப்போக ஒரு மூடி மட்டும் இருந்தது.

2021இல் சாச்சிக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. மஹரகம அபேக்ஷா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கோமாரியைத் தொட்டுச் செல்லும் அதே ஏ4 நெடுஞ்சாலைதான் பொத்துவில், மொனராகலை, வெல்லவாய, இரத்தினபுரி என்று சுற்றி மஹரகமவையும் தொட்டுக் கொழும்பை அடைகிறது. ஒரே வீதியின் இரண்டு இடங்கள். இடையில் 300 கிலோமீற்றருக்கு மேல். மருந்தேற்றிய மறுநாள் அத்தனை தூரம் திரும்பி வரச் சாச்சியின் உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நாட்கள் வேனே வீடாயிற்று. ஆஸ்பத்திரிக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிங்கள அம்மையார் தன் வளவில் வேனை நிறுத்த இடம் கொடுத்தார். வீட்டிலிருந்து மின்சாரக் கம்பியும் இழுத்துக்கொள்ளச் சொன்னார். தகரக் கூரையின் கீழ், வாந்தியும் காய்ச்சலுமாகக் கிடந்த உம்மாவைப் பார்த்துத்தான் தம்பி அந்த மூடியைக் கழற்றி, 14 அங்குலச் சதுரமான அத்துளையில் ஏ.சி.யைப் பொருத்தினார்.

ஏ.சி.யின் சூடும் இரைச்சலும் அந்த அம்மையாரின் அறை யன்னல் பக்கமாகவே போயின. அவர் யன்னலைச் சாத்திக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. யூனிற்றுகளுக்கான காசை மட்டும் கணக்குப் பார்த்து வாங்கினார்.

2022 வந்தது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. தம்பி ஒரு சிறிய பெற்றோல் ஜெனரேற்றரை வாங்கினார். ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் பங்கு. எங்கள் உறவினர் இருவர் அந்த நான்கிலிருந்து இரண்டிரண்டு லீற்றரைச் சாச்சிக்கென்று கொடுத்துவிட்டு நடந்து திரிந்தார்கள். 2023இல் சாச்சி வபாத்தானார். வேன் கரைக்குத் திரும்பியது. ஏ.சி.யும் ஜெனரேற்றரும் அதிலேயே இருந்தன. இப்போது அவற்றின் குளிரில் உறங்குபவர்கள் அலைச்சறுக்க வருபவர்கள்.

தம்பியின் தயக்கத்தில் மூன்று இழைகள் உண்டு. ஏ.சி. இருந்தால் வாடகை மூன்றில் ஒரு பங்கு கூடக் கிடைக்கிறது. இது முதலாவது. உம்மாவுக்காகத் தன் கையால் பொருத்தியதைத் தன் கையாலேயே கழற்ற மனம் வரவில்லை. இது இரண்டாவது. மூன்றாவதை வேறொருவர் எழுப்பினார். கோமாரிக் கரையில் வாடிக்குள் படுத்தெழும்பும் கரைவலைக்காரர்களுள் வயதான ஒருவர் ஒருநாள் காலையில் அவரிடம் சொன்னார்: "தம்பி, உங்கட மெசின் கத்துறதில கடல் இரையிற சத்தம் கேக்குதில்ல." இரவில் கடல் எப்படி இரைகிறது என்பதைக் கேட்டே விடியலில் வலை வளைப்பதைத் தீர்மானிக்கிறவர்கள் அவர்கள். அம்மனிதர் சண்டை பிடிக்கவில்லை, முறைப்பாடாகவும் சொல்லவில்லை. ஆனால் தம்பி என்னிடம் வந்தது அதன் பின்னர்தான்.

முதலில் அந்த இயந்திரம் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளேயிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. வேன் கூரைகளில் பொருத்தப்படும் வழக்கமான ஏ.சி. 13,500 பி.ரி.யூ. அளவுடையது. அது ஏறத்தாழ 4 கிலோவாற்று வெப்பத்தை உள்ளிருந்து வெளியேற்றும். அதற்காக ஒன்றரைக் கிலோவாற்று வரை மின்சாரத்தைச் செலவழிக்கும். அந்த மின்சாரமும் கடைசியில் வெப்பமாகி வெளியேதான் போகும். உள்ளே இருவர் பெறும் குளிர்ச்சியைவிட வெளியே இருப்பவர் பெறும் சூடு எப்போதும் அதிகம். இயற்கையின் இந்தக் கணக்கில் கழிவு கிடையாது. ஆகவே, 'குளிரில் படுப்பது ஆகுமா?' என்று கேட்பதற்கு முன்னால், 'அந்தச் சூடு எங்கே போகிறது? அங்கே யார் இருக்கிறார்?' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

1902இல் அமெரிக்காவில் வில்லிஸ் கரியர் என்ற பொறியியலாளர் நவீன ஏ.சி.யின் முதல் அமைப்பை வடிவமைத்தது நியூயோர்க்கின் புரூக்ளினிலிருந்த ஓர் அச்சகத்திற்காகும். காற்றின் ஈரத்தால் தாள் சுருங்கியும் விரிந்தும் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாத குறையைப் போக்குவதே அதன் நோக்கம். தாளுக்காகப் பிறந்தது பின்னர் மனிதனுக்கு வந்தது, நோயாளிக்கு வந்தது, சுகதேகிக்கும் வந்தது. ஒவ்வொரு படியிலும் பழைய காரணம் உதிர்ந்துபோக, இயந்திரம் மட்டும் முன்னேறி வந்திருக்கிறது.

நமது அறிஞர்கள் இத்தகைய நகர்வைப் பற்றிச் சிந்திக்க ஓர் ஏணியைத் தந்திருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி (மரணம் 1111) 'அல்முஸ்தஸ்ஃபா'விலும், பின்னர் அந்தலூசியாவின் இமாம் ஷாதிபி (மரணம் 1388) 'அல்முவாஃபகாத்'திலும் மனித நலன்களை மூன்று படிகளாக வகுத்தார்கள். இல்லாவிட்டால் வாழ்வே குலைந்துபோகும் ளரூரிய்யாத். இல்லாவிட்டால் வாழ்வு நெருக்கடிப்படும் ஹாஜிய்யாத். வாழ்வை மெருகூட்டும் தஹ்ஸீனிய்யாத். இந்த ஏணியைப் படிக்கும்போது, பொருட்களை ஒவ்வொரு படியிலும் அடுக்கிவைத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது: சோறு முதற்படி, வாசனைத் திரவியம் மூன்றாம் படி என்று. ஆனால் படிகளில் நிற்பவை பொருட்களல்ல, மனிதரின் நிலைகள். 2022இல் அந்த வேனின் ஏ.சி. இரண்டாம் படியில், சில நாட்களில் முதற்படிக்கு மிக அருகில் நின்றது. இன்று அதே ஏ.சி., அதே ஆணிகளோடு, மூன்றாம் படியில் நிற்கிறது. இயந்திரத்தில் ஒன்றும் மாறவில்லை.

குளிரூட்டல் வீண்விரயம் என்று ஒரேயடியாகச் சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியாதிருப்பது இதனால்தான். 2024 ஹஜ்ஜின்போது மக்காவின் மஸ்ஜிதுல் ஹராமில் வெப்பநிலை 51.8 பாகை செல்சியஸைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் மரணித்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் 83 சதவீதமானோர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள். தங்குமிடமோ ஓய்வோ இன்றி நேர்வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். அனுமதி பெற்றவர்களுக்குக் குளிரூட்டிய கூடாரங்களும் பஸ்களும் இருந்தன. ஒரே கிப்லா, ஒரே தல்பியா, ஒரே வெயில்; இடையில் இருந்தது நிழலும் குளிர்காற்றும். அங்கே குளிர்காற்று ஆடம்பரமாக இருக்கவில்லை. யார் அதற்குள், யார் வெளியே என்பதே கேள்வியாக இருந்தது. எனவே ஏ.சி.யைப் பொதுவாகப் பழிப்பதும் பொதுவாக அனுமதிப்பதும் சிந்திக்கும் வேலையிலிருந்து தப்பிக்கும் இரண்டு வழிகள் என்றே கருதுகிறேன்.

உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டநூலின் தொடக்கத்தில் 99 பொதுவிதிகள் இருக்கின்றன. ஹனஃபி மரபில் எழுந்த நூலாயினும் அவ்விதிகளிற் பல எல்லா மத்ஹபுகளுக்கும் பொதுவானவை. நிர்ப்பந்தத்தால் கிடைக்கும் அனுமதி நிர்ப்பந்தத்தின் அளவைத் தாண்டக்கூடாது என்கிறது 22ஆம் உறுப்புரை. ஒரு காரணத்துக்காக ஆகுமாக்கப்பட்டது அக்காரணம் நீங்கியதும் ஆகுமாகாது போய்விடும் என்கிறது 23ஆம் உறுப்புரை. பயணியின் தொழுகையில் நமக்கு இது நன்கு பழக்கமான விடயம். ஷாஃபிஈ மத்ஹபில், போய்ச் சேர்ந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்கும் நிய்யத் வந்துவிட்டால் கஸ்ரு என்ற சலுகை முடிந்துவிடுகிறது. பயணப் பை இன்னும் கையில்தான் இருக்கிறது; முஸாபிர் என்ற நிலைதான் போய்விட்டது. சலுகை பைக்குக் கொடுக்கப்பட்டதல்ல.

ஏ.சி. சாதாரண நாளில் ஹராமானதல்ல. ஆகவே இந்த விதி அதன்மேல் எழுத்துக்கு எழுத்து விழாது என்று ஆலிம் ஒருவர் சொல்லக்கூடும். சரிதான். ஆனால் எங்கள் விடயத்தில் சலுகை தந்தவர்கள் மனிதர்களும்தான். யன்னலைச் சாத்திக்கொண்ட அம்மையார் அதை ஒரு நோயாளிக்காகச் செய்தார். இரண்டு லீற்றரைக் கொடுத்துவிட்டு நடந்தவர்கள் சாச்சிக்காக நடந்தார்கள். அந்த விட்டுக்கொடுப்புகளின் மேல்தான் அந்த இயந்திரம் ஓடியது. அவை நோயுடன் முடிந்தன. கரைவலைக்காரரிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. அவர் எதையும் விட்டுக்கொடுக்கவுமில்லை. ஆயினும் இயந்திரம் பழைய அனுமதியை வாரிசாகப் பெற்றதுபோல ஓடிக்கொண்டிருக்கிறது. பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அயலவருக்கு நேரும் பாரதூரமான தீங்கு எது என்பதையும் மஜல்லா பேசுகிறது. வீட்டோடு ஒட்டிக் கொல்லன் பட்டறை வைத்துச் சுவரை அதிரவைப்பதும், அடுப்புப் புகையால் அயலவர் குடியிருக்க முடியாது செய்வதும் தடுக்கப்பட வேண்டியவை. ஆனால் அயல்வீட்டுக்கு வரும் காற்றை மறைப்பது பாரதூரமான தீங்கன்று என்கிறது 1201ஆம் உறுப்புரை. எழுத்துக்களை வாசிக்க முடியாத அளவுக்கு வெளிச்சத்தை மறைப்பதே தீங்கு. காற்று அந்தக் காலத்தில் அத்தனை தாராளம். அறைக்கு அறை இயந்திரம் வெப்பத்தைக் கொட்டும் காலத்தில் அந்த உறுப்புரையை எழுதியிருந்தால் அவ்வறிஞர்கள் எப்படி எழுதியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இதற்கு வரும் மறுப்புகளைத் தள்ளிவிட முடியாது. அறுகம்பையில் ஹொட்டேல்கள் எத்தனையோ ஏ.சி.களை இரவு பகலாக ஓட்டுகின்றன. ஒரு சின்ன வேனின் ஏ.சி.யை நிறுத்துவதால் உலகம் குளிர்ந்துவிடுமா? குளிராது. ஆனால் ஓடும் ஆற்றங்கரையில் இருந்து வுழூச் செய்தாலும் நீரை விரயமாக்காதிருக்கச் சொல்லும் பிரபலமான ஓர் அறிவிப்பு நம்மிடம் உண்டு. ஒருவரின் வுழூவால் ஆறு வற்றாது என்பது யாவருக்கும் தெரியும். ஆற்றைக் காப்பாற்றுவதற்கு முன், அளவறிந்து எடுக்கும் பழக்கத்தை மனிதனில் காப்பாற்றுவதற்கே அந்த எச்சரிக்கை என்று நான் விளங்கிக்கொள்கிறேன். மேலும் கரைவலைக்காரரின் காதுக்கு எட்டுவது ஹொட்டேலின் ஏ.சி. அல்ல. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியபோது இந்தக் கரையில் வள்ளங்கள் பல நாட்கள் மணலில் கிடந்தன. எரிபொருளின் அருமையை அந்த விதத்தில் அறிந்தவரின் தலைமாட்டில், சும்மா உறங்குவதற்காக மணிக்கு ஒரு லீற்றரளவு பெற்றோல் எரிவது அளவில் சிறிய விடயமாக இருக்கலாம், அவமதிப்பில் சிறியதன்று.

வாடகைக்கு வருபவர்களுக்குக் குளிர் வேண்டுமே என்பது அடுத்தது. எங்கள் பகுதியில் மே முதல் கச்சான் காற்று காய்ச்சி எடுக்கும் என்பது உண்மை. ஆனால் கரையில் கடற்காற்று வரும். வேனின் கூரைக்கு வெள்ளைப் பூச்சு, பகலில் பூவரச நிழல், இரு பக்க யன்னல்களுக்கும் நுளம்பு வலை, 30 வாற்று மின்விசிறி ஒன்று. பெரும்பாலான இரவுகளுக்கு இவை போதும். அந்த விசிறி பத்து மணித்தியாலம் சுழன்றாலும் ஒரு யூனிற்றில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. 12 வோல்ற்று 100 அம்பியர்-மணி பெற்றறியில் இருப்பது 1.2 யூனிற்று: விசிறிக்கு அது பல இரவுகள், ஏ.சி.க்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. கூரையில் சூரியத் தகடு போட்டு ஏ.சி.யை ஓட்டலாமே என்பார்கள். சிறிய வேனின் கூரையில் தகட்டுக்கான இடத்தின் பெரும்பகுதியை அந்த ஏ.சி.யே பிடித்துக்கொண்டிருக்கிறது.

காற்றை வைத்தே குளிர்ந்த அனுபவம் முஸ்லிம் உலகுக்குப் புதியதுமல்ல. ஈரானின் யஸ்த் நகரத்து பாத்கீர் எனப்படும் காற்றுக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. அப்பழைய நகரை யுனெஸ்கோ 2017இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹி (1900–1989) லக்ஸருக்கு அருகே 1940களில் புதிய குர்னா கிராமத்தை மண்ணால் கட்டியபோது, காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் பழைய உத்தியையே எடுத்தாண்டார்.

அப்படியானால் கழற்றிவிடு என்று சொல்லியிருக்கலாம். இங்கேதான் தம்பி ஒரு வார்த்தை சொன்னார். "காக்கா, நாளைக்கு இன்னொரு உம்மா மஹரகமக்குப் போக வேண்டி வந்தா?" இது சாட்டு அல்ல. சாச்சியின் வபாத்துக்குப் பின்னர் ஊரவர் இருவரை அவர் அந்த வேனில் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறார். ஒருவர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நோய் எங்கள் கரையில் ஆள் பார்த்து வருவதில்லை. கழற்றுவதும் அத்தனை அப்பாவியான செயலல்ல. இவ்வகை ஏ.சி.களில் பரவலாக உள்ள ஆர்-410ஏ வாயு, காற்றோடு கலந்தால் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 2,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக் கூடியது. 2016இல் கிகாலியில் உலக நாடுகள் இத்தகைய வாயுக்களைக் குறைக்க உடன்பட்டது இதனால்தான். தெரியாத கையால் குழாயை வெட்டிக் கழற்றினால், நல்ல எண்ணத்தோடு பெரிய கேட்டைச் செய்தவர்களாவோம்.

நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: ஏ.சி. இருக்கட்டும், ஜெனரேற்றரை விற்றுவிடு.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஜெனரேற்றர் இருக்கும்வரை அந்த இயந்திரம் எவரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. பெற்றோல் வாங்கக் காசு இருந்தால் போதும். ஜெனரேற்றர் இல்லாவிட்டால், யாராவது தம் வீட்டிலிருந்து கம்பி தந்தால்தான் அது ஓடும். கம்பி தருபவர் காரணத்தைக் கேட்பார். நோயாளி என்றால் தருவார். சூடு தன் யன்னலுக்கு வரும் என்று தெரிந்தே தருவார். எத்தனை யூனிற்று என்பதை மீற்றர் சொல்லும். அனுமதி, காரணம், அளவு என்று சட்டநூல்கள் கேட்கும் மூன்றையும் அந்தக் கம்பி தானாகவே கொண்டுவந்துவிடும். மனிதனின் மன உறுதியை மட்டும் நம்பி ஓர் இயந்திரத்தைக் கூரையில் வைத்திருப்பதைவிட, அடுத்தவரைக் கேட்காமல் ஓட முடியாதபடி அதை வைத்திருப்பது பாதுகாப்பானது. ஒழுக்கம் என்பது பெரும்பாலும் இப்படியான சிறு ஏற்பாடுகளில்தான் தங்கியிருக்கிறது.

தம்பி ஜெனரேற்றரை விற்றுவிட்டார். இந்தப் பருவத்தில் ஏ.சி. வேண்டுமென்று கேட்டு வந்தவர்களிற் சிலர் வேறிடம் போய்விட்டார்கள், வருமானம் குறைந்திருக்கிறது. அதை நான் ஈடுசெய்யப் போவதில்லை, எனது ஆலோசனையும் ஈடுசெய்யாது. இன்னொரு செலவும் இருக்கிறது. அந்த ஏ.சி. ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ளது. வருடத்தின் பெரும்பகுதியில் ஓடாத ஒரு பொருளை, எந்தப் பயணத்திலும் கூரையில் சுமந்து திரிய வேண்டியிருக்கிறது. டீசல் கூடுதலாகப் போகும். காற்றும் தடுக்கும். இன்னும் யாரென்று தெரியாத ஒரு நோயாளிக்காக அவர் அந்த 40 கிலோவைச் சுமக்கிறார். உம்மாவுக்காகப் பொருத்தியதைக் கழற்ற மனமில்லாதிருந்தவர், இப்போது அதைக் கழற்றாதிருப்பதற்கு வேறொரு காரணத்தைப் பெற்றிருக்கிறார். அந்தக் காரணம் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பது அந்த வேன் இனி ஏ4 வீதியில் எந்தப் பக்கமாக, யாரை ஏற்றிக்கொண்டு போகிறது என்பதைப் பொறுத்தது.